தேய்ப்பதா, பிடிப்பதா, மிதிப்பதா? உங்கள் உடம்புக்கு எந்த மசாஜ்?

சென்ற மாதம் என் அக்கா மகன் ஒரு மசாஜ் நிலையத்தின் விலைப்பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அதில் பதினான்கு பெயர்கள். ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய், பாலினீஸ், அப்யங்கம், சூடான கல் என்று நீண்டு, கடைசியில் 'ராயல் சிக்னேச்சர்' என்று ஒன்று. அது என்னவென்று அங்கே வேலை செய்பவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். பையன் நாளெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவன். பின்கழுத்தும் தோள்பட்டையும் பலகைபோல இறுகிப்போயிருக்கின்றன. "மாமா, இதில் எதை எடுப்பது?" என்று கேட்டிருந்தான்.

அதே வாரம் எதிர்வீட்டு அம்மா தம் முழங்கால் வலிக்கு எங்கே போகலாம் என்று விசாரித்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரையும் உண்டு. மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கும் அலுவலக நண்பர் ஒருவர், தசையின் ஆழம்வரை அழுத்தும் 'டீப் டிஷ்யூ' செய்துகொண்டால் கால் சீக்கிரம் தேறுமா என்றார். மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் மூவரும் ஒரே தவறைச் செய்தார்கள். முதலில் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அது தங்களுக்கு ஒத்துவருமா என்று யோசித்தார்கள்.

முதலில் அளவுகோல்கள்

எதற்காகப் போகிறீர்கள்? அலுப்புத் தீர ஒரு மணி நேரம் கண்மூடிக் கிடக்க வேண்டும் என்பது ஒன்று. ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டிருப்பதை விடுவிக்க வேண்டும் என்பது இன்னொன்று. மூட்டுத் தேய்மானம், பக்கவாதத்துக்குப் பிந்தைய விறைப்பு என்று நோய்க்காகப் போவது மூன்றாவது. முதலாவதுக்கு மசாஜ் நிலையம் போதும். மூன்றாவதுக்கு மருத்துவர் இருக்கும் இடம்தான் வேண்டும். நடுவில் இருப்பதில்தான் குழப்பமும் பணவிரயமும்.

உங்கள் உடம்பு எவ்வளவு அழுத்தம் தாங்கும்? வயது, எலும்பின் வலு, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் இதில் சேரும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு அழுத்தம் கூடிப்போனதே தெரியாது.

கூச்சம் எவ்வளவு? இதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆடையோடு செய்யும் முறை உண்டு, கோவணம் மட்டும் கட்டிவிடும் முறையும் உண்டு. உடல் கூசிச் சுருங்கிக்கொண்டிருந்தால் எந்தக் கையும் பலன் தராது.

மொத்தச் செலவு எவ்வளவு? பட்டியலில் உள்ள தொகையோடு வரி, எண்ணெய், அன்பளிப்பு, போக்குவரத்து, அதற்குப் பின் ஓய்வெடுக்க வேண்டிய நேரம், சில முறைகளில் பத்தியம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

கடைசியாக, யார் கை? சித்த மருத்துவர் பி.எஸ்.எம்.எஸ்., ஆயுர்வேத மருத்துவர் பி.ஏ.எம்.எஸ்., பிசியோதெரபிஸ்ட் பி.பி.டி. படித்திருப்பார். மசாஜ் நிலையச் சுவரில் தொங்கும் சான்றிதழ்கள் பெரும்பாலும் தனியார் பயிற்சி நிலையங்கள் கொடுப்பவை. அவர்களில் அருமையான கைக்காரர்கள் உண்டு. ஆனால் நோயைக் கண்டறிவது அவர்கள் வேலையல்ல.

யார் எதற்கும் போகக்கூடாது?

காய்ச்சல், தோலில் புண் அல்லது தொற்று, அண்மையில் எலும்பு முறிவு இருந்தால் மசாஜைத் தள்ளிப்போடுங்கள். நீண்ட பயணத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அதை யாரும் உருவிவிடக் கூடாது. ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி இடம்பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, வலுவிழப்பது, சிறுநீர் கட்டுப்பாடு தவறுவது ஆகியவை இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

கணுக்கால் பிசகியவுடன் சுளுக்கு வழிப்பவரிடம் ஓடுவதும் நம் பழக்கம். அன்றும் மறுநாளும் வேண்டியது ஓய்வும் ஐஸ் ஒத்தடமும்தான், அழுத்தித் தேய்ப்பது அல்ல. ஊன்றி நாலடி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து 'சடக்' என்று ஒரு திருப்புத் திருப்புவார்களே, அது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் ஒரு நெட்டிச் சத்தத்துக்காக அந்த அபாயம் எதற்கு?

வீட்டு எண்ணெய்த் தேய்ப்பு

பட்டியலில் இல்லாத, ஆனால் முதலில் யோசிக்க வேண்டிய வழி இது. என் பாட்டி நல்லெண்ணெயை இரும்புக் கரண்டியில் ஊற்றி, நாலு மிளகும் ஒரு சிட்டிகைச் சீரகமும் போட்டு அடுப்பில் காட்டுவார். மிளகு வெடித்துத் தெறிக்கும் நேரத்தில் கரண்டியை இறக்கிவிடுவார். சூடு ஆறி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் உச்சியில் வைப்பார். பிறகு தோள், முதுகு, குறுக்கு, கெண்டைக்கால். தொழில்முறைக் கை அல்ல அது. ஆனால் எங்கே தொட்டால் நான் முகம் சுளிப்பேன் என்பது அந்தக் கைக்குத் தெரியும்.

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்று சும்மா சொல்லவில்லை. அலுப்புக்கும், தூக்கமின்மைக்கும், லேசான உடல்வலிக்கும் அரை மணி நேர எண்ணெய்த் தேய்ப்பும் வெந்நீர்க் குளியலும் பெரும்பாலும் போதும். ஆகும் செலவு கால் லிட்டர் எண்ணெய்க்கும் கீழே.

மறைந்த செலவு குளியலறையில் இருக்கிறது. எண்ணெய் படிந்த தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை நம் தெருவிலேயே எண்ணிவிடலாம். பெரியவர்களுக்கு எண்ணெய் தேய்த்தால் உள்ளங்காலைத் துடைத்துவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டுங்கள். இன்னொரு குறை, முதுகுக்கு இன்னொருவர் கை வேண்டும். தனியாக அறையெடுத்துத் தங்கியிருப்பவருக்கு அதுதான் கிடைப்பதில்லை.

ஸ்வீடிஷ்

பெயர்தான் ஸ்வீடன். நீவுதல், பிசைதல், தட்டுதல் என்று இதன் கைவேலைகளை வகைப்படுத்தியவராகச் சொல்லப்படுபவர் 19ஆம் நூற்றாண்டு டச்சு மருத்துவர் ஜோஹான் கெயோர்க் மெட்ஸ்கர். ஸ்வீடன்காரர்களே இதை 'கிளாசிக் மசாஜ்' என்றுதான் சொல்கிறார்கள்.

மெத்தைபோட்ட மேசையில் படுக்கவைத்து, போர்வையால் மூடி, செய்யும் பகுதியை மட்டும் திறந்து, எண்ணெய் விட்டு நீளநீளமாக நீவுவார்கள். அழுத்தம் மிதமானது. முதல்முறை போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். மன இறுக்கம், தூக்கக் குறைவு, உட்கார்ந்தே வேலைசெய்யும் அலுப்பு ஆகியவற்றுக்குப் பொருந்தும். உடம்பிலுள்ள நச்சு வெளியேறும், கொழுப்புக் கரையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

சென்னையில் நான் விசாரித்த இடங்களில் ஒரு மணி நேரத்துக்கு 1,500 முதல் 3,500 ரூபாய்வரை சொன்னார்கள். அதற்கு மேல் வரி. அதற்கும் மேல், நீங்கள் தளர்ந்து படுத்திருக்கும் நேரம் பார்த்து "பத்து முறைக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலைதான்" என்று காதருகே ஒரு குரல் வரும். எழுந்து சட்டை போட்டுக்கொண்ட பிறகு பதில் சொல்லுங்கள்.

டீப் டிஷ்யூ

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, நல்ல அனுபவம் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது தோள்பட்டையில் பிடிப்பு என்று ஓரிடத்துக்குப் போனேன். முழங்கையை ஊன்றி அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு, "வலிக்கிறது" என்றேன். "வலித்தால்தான் சார் முடிச்சு கரையும்" என்றார். நானும் ஆண்பிள்ளை வீம்பில் வாயை மூடிக்கொண்டேன். மறுநாள் காலை கண்ணாடியில் பார்த்தால் தோளின் பின்புறம் நாவல்பழ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றியிருந்தது. ஐந்து நாள் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. பிடிப்பு அப்படியேதான் இருந்தது.

இந்த முறையே தவறு என்று சொல்லவரவில்லை. ஓரிடத்தில் நாள்பட்ட தசைப்பிடிப்பு இருந்து, உடம்பும் திடமாக இருந்தால், தெரிந்த கை மெதுவாக உள்ளே இறங்கி அழுத்தும்போது நன்றாகவே இளகும். அந்த வலி 'ஆ, அங்கேதான்' என்று சொல்லவைக்கும் வலியாக இருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்ளவைக்கும் வலி என்றால் தசை எதிர்த்து இறுகத்தான் செய்யும். பத்துக்கு ஆறு என்ற அளவுக்கு மேல் வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தாதவரிடம் அடுத்த நிமிடம் படுத்திருக்காதீர்கள்.

ஓட்டக்காரர்களிடம் 'லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து எடுக்கிறோம்' என்பார்கள். ஓடி முடித்து ஓரிரு மணி நேரத்துக்குள் அதை உடம்பே தீர்த்துவிடுகிறது. மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலி, தசைநாரில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது. மிதமான மசாஜ் அந்த வலியுணர்வைச் சற்றுக் குறைக்கலாம். புண்பட்ட தசையை முழங்கையால் இடிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. போட்டிக்கு முந்தைய நாள் இதைச் செய்துகொள்ளவே கூடாது.

தாய் மசாஜ்

எண்ணெய் கிடையாது, மேசை கிடையாது. தளர்வான சட்டையும் கால்சட்டையும் கொடுப்பார்கள், தரையில் மெத்தை விரித்திருக்கும். நாம் சும்மா படுத்திருக்க, நமக்கான யோகாசனத்தை இன்னொருவர் செய்துவைப்பதுபோல இருக்கும். கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றாலும் அழுத்துவார்கள், மிதிப்பார்கள், கைகாலை இழுத்து மடக்குவார்கள். பாங்காக்கின் வாட் போ கோயில்தான் இதற்குப் பேர்போன இடம். உடம்பில் ஓடுவதாக அவர்கள் கருதும் நாடிகளின் படங்களை அங்கே கல்லில் பொறித்துவைத்திருக்கிறார்கள். 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இந்த முறை சேர்ந்தது.

கூச்சம் உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி, ஆடை கலைவதே இல்லை. முடிந்ததும் குளிக்க வேண்டியதில்லை, நேரே வேலைக்குப் போகலாம். நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்து தொடைப் பின்புறமும் இடுப்பும் இறுகிப்போனவர்களுக்கு நல்ல பொருத்தம். ஆனால் தண்டுவட வட்டு பிதுங்கியவர்கள், முழங்கால் மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், எலும்பு மெலிந்தவர்கள் கிட்டவே போக வேண்டாம். முதுகின்மேல் ஏறி நிற்பது படத்தில் பார்க்க நன்றாயிருக்கும். எழுபது வயது முதுகுக்கு அது ஆகாது.

ஆயுர்வேதம்: அப்யங்கம், பிழிச்சல், கிழி

கேரளத்து மலையாளிகள் 'உழிச்சல்' என்பது இதைத்தான். மரத்தில் குடைந்த நீண்ட தோணிபோன்ற பலகையில் படுக்கவைப்பார்கள். இரண்டு பேர் இரு பக்கமும் நின்று ஒரே தாளத்தில் தலையிலிருந்து பாதம்வரை வெதுவெதுப்பான தைலத்தைத் தேய்ப்பது அப்யங்கம். தைலத்தைத் தாரையாக ஊற்றிக்கொண்டே தேய்ப்பது பிழிச்சல். ஞவர என்ற அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டி மூலிகைக் கஷாயத்திலும் வேகவைத்துத் துணியில் மூட்டை கட்டி ஒற்றியெடுப்பது ஞவரக்கிழி. தைலமும் ஆளுக்கு ஆள் மாறும். தன்வந்திரம், பிண்ட தைலம், கற்பூராதி என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு பிரிவை நினைவில் வையுங்கள். ஒரு நாள் அப்யங்கம் இளைப்பாறுவதற்கு. நோய்க்கு என்றால் ஏழு, பதினான்கு, இருபத்தொரு நாள் என்று தொடர்ச்சியாகச் செய்வார்கள். சுற்றுலா விடுதியில் ஒரு மணி நேரம் செய்துவிட்டு 'மூட்டுவாதம் குணமாகும்' என்று சொன்னால் அது வியாபாரம்.

மறைந்த செலவு இதில்தான் அதிகம். தைலத்தின் விலை தனி. தங்கினால் அறை வாடகை தனி. சிகிச்சை நாள்களில் வெயில், அலைச்சல், குளிர்ந்த உணவு கூடாது என்பார்கள், ஆகவே விடுப்பு எடுக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் அந்தச் சட்டையையும் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். வறண்ட தோல், நாள்பட்ட மூட்டுவலி, ஓய்வெடுக்க நேரம், கையில் ஓரளவு பணம் நான்கும் சேர்ந்தவருக்கு இது நல்ல தேர்வு.

சித்தம்: தொக்கணமும் வர்மமும்

நம்மூர் முறையை நாமே மறந்துவிட்டோம். சித்த மருத்துவத்தின் புறச்சிகிச்சைகளில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. பட்டியலைப் படித்தாலே தெரியும், ஸ்வீடன் பெயரில் விற்பதிலும் தாய்லாந்து பெயரில் விற்பதிலும் ஒரு பங்கு இதற்குள் இருக்கிறது.

வர்மம் வேறு, உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளைத் தொட்டும் அழுத்தியும் செய்வது. உடம்பில் 108 வர்மப் புள்ளிகள் என்பது கணக்கு. அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அவ்வளவு கடுமையில்லாத தொடுவர்மம் 96. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் இதை அடிமுறை என்ற தற்காப்புக் கலையோடு சேர்த்துக் கற்றவர்கள். அடிக்கவும் தெரியும், அடிபட்டதை இளக்கவும் தெரியும். இதில் கை தவறக்கூடாது. 'வர்மம்' என்று பலகை மாட்டியவரெல்லாம் ஆசான் அல்ல, எங்கே எத்தனை ஆண்டு கற்றார் என்று கேட்பது மரியாதைக் குறைவும் அல்ல.

தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்மத்துக்கென்று புறநோயாளிப் பிரிவே இருக்கிறது. அரும்பாக்கம் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனையும், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உண்டு. பணச்செலவு மிகக் குறைவு. அதற்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்க வேண்டும். காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும், சொன்ன நாள்களில் தவறாமல் திரும்பப் போக வேண்டும். மெல்லிய இசையும் மல்லிகை வாசனையும் கிடைக்காது. ஆனால் மருத்துவர் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

கால் மசாஜ்

உள்ளங்காலில் இந்தப் புள்ளி கல்லீரல், அந்தப் புள்ளி கணையம் என்று படம் மாட்டியிருப்பார்கள். அந்தப் படத்துக்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அதற்காகக் கால் மசாஜ் சுகமில்லை என்று ஆகாது. கடையில் நாளெல்லாம் நிற்பவருக்கு அரை மணி நேரக் கால் மசாஜ் சொர்க்கம். செருப்பைக் கழற்றினால் போதும். சர்க்கரைக்காரர்கள் பாதத்தில் வெடிப்போ புண்ணோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும். வணிக வளாக நாற்காலி இயந்திரங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒரே பார்வையில்

| முறை | யாருக்கு நல்லது | அழுத்தம் | உடை, எண்ணெய் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| வீட்டு எண்ணெய்த் தேய்ப்பு | அலுப்பு, தூக்கமின்மை | குறைவு | வீட்டு வசதிப்படி, எண்ணெய் உண்டு | வழுக்கும் தரை, இன்னொருவர் கை |
| ஸ்வீடிஷ் | முதல்முறை போகிறவர், மன இறுக்கம் | மிதம் | போர்வை, எண்ணெய் | வரி, 'பத்து முறைத் திட்டம்' |
| டீப் டிஷ்யூ | திடமான உடம்பில் நாள்பட்ட பிடிப்பு | அதிகம் | போர்வை, சிறிது எண்ணெய் | இரண்டு மூன்று நாள் வலி, கன்றல் |
| தாய் | உட்கார்ந்தே இறுகிய உடல், கூச்சம் உள்ளவர் | மிதம் முதல் அதிகம் | முழு ஆடை, எண்ணெய் இல்லை | மூட்டுக்கும் முதுகுக்கும் அபாயம் |
| ஆயுர்வேதம் | நாள்பட்ட மூட்டுவலி, ஓய்வுக்கு நேரமுள்ளவர் | குறைவு முதல் மிதம் | மிகக் குறைந்த ஆடை, நிறைய தைலம் | தைலம், அறை, விடுப்பு, பத்தியம் |
| தொக்கணம், வர்மம் | வலிக்கு மருத்துவர் பார்வையோடு சிகிச்சை தேடுபவர் | ஆளுக்கு ஏற்ப | முறைக்கு ஏற்ப | வரிசை, திரும்பத் திரும்பப் பயணம் |
| கால் மசாஜ் | நின்று வேலைசெய்பவர் | குறைவு முதல் மிதம் | முழு ஆடை | பெரிதாக இல்லை |

மசாஜே வேண்டாமோ?

பட்டியலில் இல்லாத இன்னொரு வழி பிசியோதெரபி. இடுப்பு வலிக்கு மசாஜ் தரும் ஆறுதல் பெரும்பாலும் குறுகிய காலத்துக்குத்தான் என்றே ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் முயலக்கூடிய வழிகளில் ஒன்றாக மசாஜை அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான 'அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்' தன் வழிகாட்டுதலில் 2017இல் சேர்த்தது உண்மை. ஆனால் அதே வலி மாதாமாதம் திரும்பிவந்தால், தசைக்கு வலு ஏற்றாமல் தேய்த்துக்கொண்டே இருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சி அலுப்பூட்டும், யாரும் நமக்காகச் செய்யமாட்டார்கள். அதுதான் அதன் மறைந்த செலவு.

மூன்று பேருக்கும் சொன்னது

அக்கா மகனிடம், முதலில் கணினித் திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்து, பிறகு ஒரு ஸ்வீடிஷ் போ, ஒத்துவந்தால் அடுத்த முறை தாய் என்றேன். பழைய டெலிபோன் டைரக்டரிகள் இரண்டை என் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போனான், திரைக்கு அடியில் வைக்க.

ஓட்டக்கார நண்பரிடம் டீப் டிஷ்யூ ஆசையைப் போட்டி முடிந்து ஒரு வாரம் கழியும்வரை தள்ளிவைக்கச் சொன்னேன். கேட்டாரா என்று தெரியவில்லை.

எதிர்வீட்டு அம்மாவுக்கு முழங்கால் எக்ஸ்ரேயும் சர்க்கரை அளவும் கையில் இல்லாமல் எங்கும் போக வேண்டாம் என்றேன். அதன்பின் தாம்பரம். "அங்கே பெண்களுக்குப் பெண்கள்தானே செய்வார்கள்?" என்று கேட்டார். முன்கூட்டியே போனில் கேட்டுவிடலாம் என்று சொல்லி, கேட்க வேண்டியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்தேன். செய்பவர் ஆணா பெண்ணா, என்ன படித்தவர், மருத்துவர் முதலில் பார்ப்பாரா, எண்ணெய் எது, எத்தனை நாள் வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும். சீட்டைப் படித்துவிட்டு அவரே கீழே ஒரு வரி சேர்த்தார். 'படுத்தால் எழுந்திருக்கக் கை கொடுப்பார்களா?'